அலுவலக ஃபயர்வாலுக்குப் பின்னால் என்பிஎம், கிட், கம்போசர் நிறுவுதல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

புதிதாகச் சேருபவர் கைக்கு மடிக்கணினி வந்த அன்றே இந்தச் சிக்கலும் வந்துவிடுகிறது. உலாவியில் எல்லாத் தளங்களும் திறக்கின்றன. டெர்மினலில் என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தால் மட்டும் ஒன்றும் நகர்வதில்லை. என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்), கம்போசர் (பிஎச்பி), பிப் (பைத்தான்) ஆகியவை பேக்கேஜ் எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்புகளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் கருவிகள். கிட், நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி. நோட், என்பிஎம் ஓடும் தளம். இவற்றின் வழியை மறிப்பது அலுவலக வலையமைப்பின் காவலான ஃபயர்வால். எங்கள் குழுவில் பல ஆண்டுகளாக இந்த வேலை என் மேசைக்கே வந்து சேர்வதால், எந்தப் பிழைக்கு எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை ஒன்று பழகிவிட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் உச்சரிப்பின்படி தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான எழுத்துகளையே இட வேண்டும்.

## தொடங்கும் முன்: எந்தத் தலைப்புக்குப் போவது

என்பிஎம் தோற்கும்போது திரையில் இருபது முப்பது வரிகள் கொட்டுகின்றன. பலரும் கடைசி வரியைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அதில் பதிவுக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற தகவலைத் தவிர வேறொன்றும் இருக்காது. மேலே ‘கோட்’ என்று தொடங்கும் வரியில் உள்ள ஒற்றைச் சொல்தான் நமக்கு வேண்டும். கீழே உள்ள தலைப்புகள் அந்தச் சொல்லைக் கொண்டே பிரிக்கப்பட்டுள்ளன.

அந்தச் சொல் குழப்பமாக இருந்தால், ஒரு முகவரியிலிருந்து தகவலை எடுத்துக் காட்டும் கர்ல் கட்டளையை ‘-வி’ என்ற விவரக் குறியுடன், என்பிஎம் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான ரெஜிஸ்ட்ரி.என்பிஎம்ஜேஎஸ்.ஆர்க் முகவரிக்கு ஏவிப் பாருங்கள். பதிலே வராமல் நின்றால் முதல் அறிகுறி. 407 என்று வந்தால் இரண்டாவது. சான்றிதழ் (தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் மின்னணு ஆவணம்) பற்றிய புகார் வந்தால் மூன்றாவது. 403 (அனுமதி மறுப்பு) அல்லது ஒரு வலைப்பக்கத்தின் நிரல் வந்தால் நான்காவது. கர்ல் சரியாக வேலை செய்து என்பிஎம் மட்டும் தோற்றால் நேரே மூன்றாவதற்குப் போகலாம். விண்டோஸுடன் வரும் கர்ல், விண்டோஸின் சான்றிதழ் பெட்டகத்தை நம்புகிறது. நோட் இயல்பாக அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

## அறிகுறி 1: நெடுநேரம் சுற்றிவிட்டு ஈடைம்டவுட், ஈநாட்ஃபவுண்ட் அல்லது ஈகான்ரெஃப்யூஸ்ட்

நம் சார்பில் வெளி இணையத்துக்குப் போய்வரும் இடைச் சேவையகமான ப்ராக்ஸி எங்கே என்று கருவிக்குத் தெரியாது. பத்தில் ஏழெட்டு முறை காரணம் இதுதான். வெளியுலகுக்கான பெயர்த் தேடலையே பல அலுவலக வலையமைப்புகள் உள்ளே அனுமதிப்பதில்லை; ப்ராக்ஸிதான் அதையும் செய்கிறது. ஆகவே ஈநாட்ஃபவுண்ட் வந்ததும் டிஎன்எஸ் பழுது என்று புகார் எழுத வேண்டாம். விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளில் ப்ராக்ஸி பகுதியைத் திறந்து பாருங்கள். முகவரியும் போர்ட் எண்ணும் நேராக எழுதப்பட்டிருந்தால் வேலை எளிது. அதற்குப் பதிலாக ‘.பேக்’ என்று முடியும் ஒரு ஸ்கிரிப்ட் முகவரி இருந்தால், உலாவி மட்டுமே அதைப் படித்துப் புரிந்துகொள்கிறது, என்பிஎம்முக்கும் கிட்டுக்கும் அது தெரியாது என்று பொருள். அந்த முகவரியை உலாவியில் திறந்தால் கோப்பு இறங்கும். நோட்பேடில் திறந்து ‘ப்ராக்ஸி’ என்ற சொல்லைத் தேடினால் அதன் அருகே சேவையகப் பெயரும் போர்ட்டும் இருக்கும். பெரிய நிறுவனங்களில் ஊருக்கு ஒரு ப்ராக்ஸி என்று நாலைந்து இருக்கக்கூடும். உங்கள் அலுவலகத்துக்குரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த முகவரியை எச்டிடிபி_ப்ராக்ஸி, எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி என்ற இரண்டு சூழல் மாறிகளிலும் (கணினியில் ஓடும் கருவிகள் எல்லாம் படிக்கக்கூடிய பொது அமைப்புகள்) இடுங்கள். என்பிஎம், கிட், பிப், கம்போசர் நான்கும் இவற்றை மதிக்கின்றன. ஒவ்வொரு கருவியின் சொந்த அமைப்பிலும் தனித்தனியே எழுதி வைப்பதைவிட இது நல்லது; பின்னால் மாற்ற வேண்டி வரும்போது தேடி அலைய வேண்டாம். லினக்ஸில் கர்ல் சிறிய எழுத்தில் உள்ள எச்டிடிபி_ப்ராக்ஸியை மட்டுமே ஏற்கும் என்பதால் இரு வடிவிலும் எழுதிவிடுவது என் வழக்கம்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு, எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸியின் மதிப்பும் எச்டிடிபிஎஸ் என்று தொடங்க வேண்டும் என்று எண்ணிவிடுவது. மாறியின் பெயர், எந்த வகைப் போக்குவரத்துக்கு என்பதைச் சொல்கிறது; ப்ராக்ஸியோடு எப்படிப் பேச வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் இரண்டு மாறிகளுக்கும் மதிப்பு ஒன்றே, அதுவும் எச்டிடிபி:// என்றே தொடங்கும். இங்கே ஓர் ‘எஸ்’ கூடினால் ‘ராங் வெர்ஷன் நம்பர்’ என்ற பிழை வரும். இந்தப் பிழையைப் பார்த்துவிட்டு நோட் பதிப்பை மாற்றி மாற்றி நிறுவி ஒரு நாளைத் தொலைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

அடுத்த காரணம், பழைய அமைப்பு மிச்சமிருப்பது. அலுவலகத்தில் ஓடியது, வீட்டில் ஈகான்ரெஃப்யூஸ்ட் அல்லது ஈநாட்ஃபவுண்ட் என்று நிற்கிறது என்றால், என்றோ எழுதிய ப்ராக்ஸி எங்கோ இருக்கிறது. என்பிஎம் கான்ஃபிக் லிஸ்ட் கட்டளை எந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று காட்டும். கிட்டுக்கு, கிட் கான்ஃபிக் கட்டளையை ‘--லிஸ்ட் --ஷோ-ஆரிஜின்’ குறிகளுடன் ஏவுங்கள். திட்டக் கோப்புறைக்குள்ளேயே ஓர் என்பிஎம்ஆர்சி கோப்பு (என்பிஎம்மின் அமைப்புக் கோப்பு) ஒளிந்திருந்தால், பயனர் அளவில் நீங்கள் எழுதியதை அது மீறிவிடும்.

லினக்ஸில் நிர்வாகி உரிமை தரும் சூடோ வைத்து ஏவும்போது மட்டும் தோற்றால், சூடோ உங்கள் சூழல் மாறிகளை உதறிவிட்டுப் போகிறது. ‘-ஈ’ குறி சேர்த்தால் பெரும்பாலும் எடுத்துச் செல்லும்.

வெளியே போவது சரியாகி, அலுவலகத்தின் உள் சேவையகங்கள் திடீரென எட்டாமல் போனால், நோ_ப்ராக்ஸி மாறியில் லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1, உங்கள் உள் டொமைன் ஆகியவற்றைக் காற்புள்ளியிட்டு எழுத வேண்டும்.

எப்போது அழைப்பது: ப்ராக்ஸி முகவரி உறுதியாகத் தெரிந்து, அந்தப் போர்ட்டுடனேயே இணைப்பு ஏற்படவில்லை என்றால் உங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, நெட்வொர்க் குழுவிடம் விடுங்கள்.

## அறிகுறி 2: 407 என்ற எண்

ப்ராக்ஸி கிடைத்துவிட்டது; நீங்கள் யார் என்று அது கேட்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முகவரிக்குள்ளேயே, முதலில் பெயர், பிறகு முக்காற்புள்ளி, பிறகு கடவுச்சொல், பிறகு @, அதன்பின் சேவையகம் என்ற வரிசையில் எழுதப்படுகின்றன.

கடவுச்சொல்லில் சிறப்புக் குறி. இன்றைய கடவுச்சொல் விதிகளின்படி @, #, : ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்தே தீரும். கடவுச்சொல்லின் நடுவில் @ இருந்தால் அதற்குப் பிந்தியது எல்லாம் சேவையகப் பெயர் என்று சில கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. @ என்பதை %40 என்றும், # என்பதை %23 என்றும், : என்பதை %3ஏ என்றும் மாற்றி எழுத வேண்டும், கடைசியில் வரும் ஏ, எண்ணோடு சேர்ந்த ஆங்கில முதல் எழுத்து. டொமைன் பெயருக்கும் பயனர் பெயருக்கும் இடையில் வரும் பின்சாய்கோட்டுக்கு %5சி. விண்டோஸின் பேட்ச் கோப்புக்குள் எழுதினால் ஒவ்வொரு % குறியையும் இரட்டிப்பாக்க வேண்டும்.

கடவுச்சொல் மாறிவிட்டது. நேற்று வரை ஓடி இன்று 407 என்றால் முதலில் இதைப் பாருங்கள். இதன் பக்கவிளைவு பிழையைவிட மோசமானது. ஒரு முறை எங்கள் குழுவில் ஒருவருடைய கணக்கு, திறந்துவிட்ட பத்து நிமிடத்துக்குள் மறுபடி பூட்டிக்கொண்டே இருந்தது. உதவி மையம் இரண்டு நாளில் ஐந்து முறை திறந்துவிட்டது. அவர் ஒவ்வொரு முறையும் புதிய கடவுச்சொல்லைச் சரியாகவே இட்டார். அருகில் அமர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அவருடைய விஎஸ் கோட் எடிட்டரில் கிட் தானியங்கி ஃபெட்ச் இயக்கப்பட்டிருந்தது. அது 180 வினாடிக்கு ஒரு முறை, கிட் கான்ஃபிக்கில் மூன்று மாதத்துக்கு முன் எழுதிய பழைய கடவுச்சொல்லுடன் ப்ராக்ஸியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை நீக்கியதும் பூட்டுவது நின்றது. கடவுச்சொல்லை எந்தக் கோப்பிலும் அப்படியே எழுதி வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம். இந்த இரண்டு நாள் மற்றொரு காரணம்.

ப்ராக்ஸி, விண்டோஸ் உள்நுழைவு வழியே அடையாளம் காட்டும் முறைகளான என்டிஎல்எம் அல்லது கெர்பரோஸ் கேட்கிறது. கர்ல் காட்டும் பதிலில் ‘ப்ராக்ஸி-ஆத்தென்டிகேட்’ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். அதில் ‘பேசிக்’ இருந்தால் மேலே சொன்ன முறை போதும். ‘என்டிஎல்எம்’ அல்லது ‘நெகோஷியேட்’ மட்டுமே இருந்தால், என்பிஎம்முக்கு அந்த மொழி தெரியாது. கடவுச்சொல்லை எத்தனை விதமாக எழுதினாலும் 407தான். இடையில் ஒரு சிறு துணை ப்ராக்ஸி தேவை. சிஎன்டிஎல்எம், பிஎக்ஸ் ஆகிய இரண்டு திறமூலக் கருவிகள் இதற்காகவே உள்ளன. இரண்டும் இயல்பாக உங்கள் கணினியின் 3128ஆம் போர்ட்டில் காத்திருக்கும். அதன்பின் எல்லாக் கருவிகளுக்கும் எச்டிடிபி://127.0.0.1:3128 என்று சொல்லிவிட்டால் போதும். பிஎக்ஸ், நீங்கள் விண்டோஸில் நுழைந்திருப்பதையே பயன்படுத்திக்கொள்வதால் கடவுச்சொல்லை எங்கும் எழுத வேண்டியதில்லை. விண்டோஸில் நான் அதையே பரிந்துரைப்பேன். சிஎன்டிஎல்எம் என்றால் கடவுச்சொல்லுக்குப் பதிலாக ‘-எச்’ குறி தரும் ஹாஷ் மதிப்பை (மூலத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு) அமைப்புக் கோப்பில் இடுங்கள்.

எப்போது அழைப்பது: இத்தகைய துணை ப்ராக்ஸியை நிறுவும் முன் அனுமதி பெறுங்கள், சில அலுவலகங்களில் இது விதிமீறல். நிரலைத் தானாகத் தொகுக்கும், ஆள் உட்காராத பில்டு சேவையகத்துக்கு 407 வந்தால் உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுக்காதீர்கள். சேவைக் கணக்கு ஒன்றோ, அந்த இயந்திரத்துக்கு மட்டும் அடையாளம் கேட்காத விலக்கோ கேளுங்கள்.

## அறிகுறி 3: செல்ஃப்_சைன்டு_செர்ட்_இன்_செயின், அனேபிள்_டு_கெட்_இஷ்யூயர்_செர்ட்_லோக்கலி

இணையத்தில் இந்தப் பிழையைத் தேடினால் முதலில் கிடைக்கும் பதில், என்பிஎம்மின் ஸ்ட்ரிக்ட்-எஸ்எஸ்எல் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கு என்பதுதான். நோட்_டிஎல்எஸ்_ரிஜெக்ட்_அன்ஆத்தரைஸ்டு மாறியைப் பூஜ்ஜியமாக்கு என்பது இரண்டாவது. இரண்டையும் செய்யாதீர்கள். பிழை உடனே மறையும் என்பது உண்மை; எதிர்முனையில் இருப்பது யார் என்று பார்ப்பதையே நிறுத்திவிட்டதால் மறைகிறது. ஒரு நாள் சோதனைக்காக எழுதிய அந்த வரி திட்டத்தின் என்பிஎம்ஆர்சி கோப்புக்குள் புகுந்து, கிட்டில் ஏறி, எல்லோருடைய கணினிக்கும் போய்ச் சேர்ந்ததையும் நான் துடைத்திருக்கிறேன்.

நடப்பது இதுதான்: ஃபயர்வால் மறையாக்கத்தைப் பிரித்துச் சோதித்துவிட்டு, தன் சொந்தச் சான்றிதழால் மீண்டும் மூடி அனுப்புகிறது. அலுவலகம் தன் மூலச் சான்றிதழை விண்டோஸ் பெட்டகத்தில் முன்பே ஏற்றிவிடுவதால் உலாவி முணுமுணுப்பதில்லை. நோட் தன்னோடு கொண்டுவரும் பட்டியலில் அந்தச் சான்றிதழ் இல்லை.

முதல் சோதனை: வழங்கியவர் யார். என்பிஎம் ரெஜிஸ்ட்ரி முகவரியை உலாவியில் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியைச் சொடுக்கி, சான்றிதழை வழங்கியவர் பெயரைப் பாருங்கள். அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரோ ஃபயர்வால் விற்பனையாளரின் பெயரோ இருந்தால் காரணம் உறுதி. பொதுவாகப் பயன்படும் சான்றிதழ் நிறுவனத்தின் பெயரே இருந்தால் அந்தத் தளம் பிரித்துப் பார்க்கப்படவில்லை. உங்கள் கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள்.

மூலச் சான்றிதழை எடுத்தல். விண்டோஸில் செர்ட்எம்ஜிஆர்.எம்எஸ்சி திறந்து, நம்பகமான மூலச் சான்றிதழ்களின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி ஏற்றுமதி செய்யுங்கள். வடிவம் கேட்கும்போது பேஸ்-64 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் தெரியும் டிஇஆர் வடிவம் நோட்டுக்குப் பயன்படாது. கோப்பை நோட்பேடில் திறந்தால் ஐந்து கோடுகளோடு ‘பிகின் சர்டிஃபிகேட்’ என்ற வரி தெரிய வேண்டும். தாறுமாறான குறிகள் தெரிந்தால் வடிவம் தவறு. வழியில் இடைநிலைச் சான்றிதழும் இருந்து, ‘அனேபிள்_டு_வெரிஃபை_லீஃப்_சிக்னேச்சர்’ என்று வந்தால், அதையும் ஏற்றுமதி செய்து அதே கோப்பில் அடுத்தடுத்து ஒட்டிவிடுங்கள்.

கருவிகளுக்குச் சொல்லுதல். நோட்டுக்கும் என்பிஎம்முக்கும் நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_செர்ட்ஸ் என்ற சூழல் மாறியில் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். என்பிஎம்மின் சொந்த ‘சிஏஃபைல்’ அமைப்பும் உண்டு, ஆனால் அது இருக்கும் பட்டியலை அகற்றிவிட்டு உங்கள் கோப்பை மட்டும் வைக்கும். சூழல் மாறி இருப்பதோடு சேர்க்கும். ஃபயர்வால் சில தளங்களைப் பிரித்தும் சிலவற்றைப் பிரிக்காமலும் விடுவதே வழக்கம் என்பதால், சிஏஃபைல் ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றைக் கெடுக்கும். நோட் 22.15 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருந்தால் ஏற்றுமதியே தேவையில்லை. நோட்_ஆப்ஷன்ஸ் மாறியில் ‘--யூஸ்-சிஸ்டம்-சிஏ’ என்று எழுதினால் அது கணினியின் பெட்டகத்தையும் நம்பத் தொடங்கும்.

விண்டோஸில் கிட்டுக்கு, எச்டிடிபி.எஸ்எஸ்எல்பேக்எண்ட் அமைப்பை ‘எஸ்சேனல்’ என்று மாற்றுவது போதும். மற்ற இடங்களில் எச்டிடிபி.எஸ்எஸ்எல்சிஏஇன்ஃபோவில் கோப்பின் பாதை. பிப் 24.2 முதல், பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால், தானே கணினியின் பெட்டகத்தைப் பார்க்கிறது. பழையதற்கு பிப் கான்ஃபிக் செட் குளோபல்.செர்ட். கம்போசருக்கு அதன் உலகளாவிய சிஏஃபைல் அமைப்பு. பிஎச்பி நிரலே வெளியே பேச வேண்டும் என்றால் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் ஓப்பன்எஸ்எஸ்எல்.சிஏஃபைல், கர்ல்.சிஏஇன்ஃபோ ஆகிய இரண்டு வரிகளும்.

எல்லாம் செய்தும் அதே பிழை. டெர்மினலை மூடித் திறந்தீர்களா என்று பாருங்கள். எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் எடிட்டரையே மூடித் திறக்க வேண்டும். அடுத்து, பிழைக்கு மேலே ‘இக்னோரிங் எக்ஸ்ட்ரா செர்ட்ஸ்’ என்ற எச்சரிக்கை வரி ஓடுகிறதா என்று தேடுங்கள். அது இருந்தால் நோட் உங்கள் கோப்பை ஏற்கவே இல்லை. விண்டோஸ் கோப்பு வகையை மறைத்துக் காட்டுவதால், நோட்பேடில் சேமித்த கோப்பு உண்மையில் ‘.பெம்.டிஎக்ஸ்டி’ என்று முடிவதை நான் எண்ண மறந்த அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

எப்போது அழைப்பது: மூலச் சான்றிதழ் உங்கள் கணினியிலேயே இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். வழியில் போகும் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பும் சான்றிதழை ஏற்ற வேண்டாம். வழங்கியவர் பெயர் உங்கள் நிறுவனத்தோடு தொடர்பே இல்லாததாக இருந்தால் உதவி மையத்தை அல்ல, பாதுகாப்புக் குழுவை உடனே அழையுங்கள்.

## அறிகுறி 4: 403, ஈஇன்டெக்ரிட்டி, ‘அன்எக்ஸ்பெக்டெட் டோக்கன் <’

மூன்றும் வெவ்வேறு பிழைகளாகத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒரே நிகழ்வின் மூன்று முகங்கள். நீங்கள் கேட்ட கோப்புக்குப் பதிலாக, ‘இந்தத் தளம் தடை செய்யப்பட்டுள்ளது’ என்ற பக்கத்தை ஃபயர்வால் அனுப்புகிறது. நேர்மையாக 403 என்று சொல்லி அனுப்பினால் அது தெரிந்துவிடும். சில ஃபயர்வால்கள் 200 (எல்லாம் சரி) என்று சொல்லியே அந்தப் பக்கத்தை நீட்டுகின்றன. என்பிஎம் அதைப் பேக்கேஜ் என்று எண்ணி வாங்கி, லாக் கோப்பில் (திட்டத்தின் பேக்கேஜ்களுடைய பதிப்பும் முகவரியும் பதிவாகும் கோப்பு) உள்ள ஹாஷோடு ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று ஈஇன்டெக்ரிட்டி எறிகிறது. பேக்கேஜ் பற்றிய தகவல் வர வேண்டிய இடத்தில் அந்தப் பக்கம் வந்தால் ‘அன்எக்ஸ்பெக்டெட் டோக்கன்’.

சோதனை எளிது. பிழையில் உள்ள ‘.டிஜிஇசட்’ முகவரியைக் கர்லால் ஒரு கோப்பாக இறக்கி, நோட்பேடில் திறந்து பாருங்கள். உண்மையான பேக்கேஜ் என்றால் படிக்க முடியாத குறிகள். தடைப் பக்கம் என்றால் முதல் வரியிலேயே எச்டிஎம்எல், சற்றுக் கீழே தடைக்கான காரணம், பெரும்பாலும் ஒரு குறிப்பு எண். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோப்பு நல்லதாகவே இருந்தால் பழைய தடைப் பக்கம், என்பிஎம் இறக்கியவற்றைச் சேமித்து வைக்கும் கேஷில் தங்கியிருக்கக்கூடும். என்பிஎம் கேஷ் வெரிஃபை முதலில், அதற்கும் அடங்கவில்லை என்றால் கேஷ் கிளீன் --ஃபோர்ஸ். ஈஇன்டெக்ரிட்டி வந்ததும் லாக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது பரவலான பழக்கம். அது புகை எச்சரிக்கை மணியின் பேட்டரியைக் கழற்றுவதற்குச் சமம். காரணம் தெரியாமல் அதைச் செய்யக் கூடாது.

ஒரு பேக்கேஜின் புதிய பதிப்புக்கு மட்டும் 403, பழையதற்கு இல்லை என்றால், அது தடுமாற்றம் அல்ல, கொள்கை. 2025 செப்டம்பரில் சாக், டீபக் முதலான, வாரந்தோறும் கோடிக்கணக்கில் இறங்கும் என்பிஎம் பேக்கேஜ்களின் புதிய பதிப்புகளுக்குள் திருட்டு நிரல் நுழைந்தது; பதிப்பு வெளிவந்து சில நாள் ஆறிய பிறகே உள்ளே விடும் வழக்கத்துக்கு இத்தகைய சம்பவங்களே காரணம். ஒரு பதிப்பு பின்னால் போய் வேலையைத் தொடருங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் ஃபயர்வால் பக்கம்.

எப்போது அழைப்பது: தடை உறுதியானதும் அழைக்க வேண்டியதுதான், ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில் ஒரு வாரம் கூடுவதும் குறைவதும் இருக்கிறது. ‘என்பிஎம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால், அது என்ன மென்பொருள், யார் விற்கிறார்கள் என்ற கேள்வியோடு திரும்பி வரும். முழு முகவரி, போர்ட் 443, உங்கள் கணினியின் ஐபி, தடுக்கப்பட்ட நேரம் நிமிடத் துல்லியமாக, தடைப் பக்கத்தின் குறிப்பு எண், எதற்காக வேண்டும் என்ற ஒரு வரி ஆகியவற்றை எழுதுங்கள். நேரம் சரியாக இருந்தால் பதிவில் அவர்கள் ஒரு தேடலில் கண்டுபிடித்துவிடுவார்கள். கோரிக்கையை ஒவ்வொரு முகவரியாக எழுதாமல், ஒரு கருவிக்குத் தேவையான எல்லா முகவரிகளையும் சேர்த்துக் கேளுங்கள்: பிப்புக்குப் பைபிஐ.ஆர்க் மட்டும் போதாது, கோப்புகள் ஃபைல்ஸ்.பைத்தான்ஹோஸ்டட்.ஆர்க்கிலிருந்து வருகின்றன. கம்போசர் ரெப்போ.பேக்கஜிஸ்ட்.ஆர்க்கில் பட்டியலைப் பார்த்துவிட்டு, நிரலைப் பெரும்பாலும் கிட்ஹப்பிலிருந்து எடுக்கிறது.

## அறிகுறி 5: பேக்கேஜ்கள் இறங்குகின்றன, போஸ்ட்இன்ஸ்டாலில் விழுகிறது

என்பிஎம் தன் வேலையை முடித்துவிட்டது. பேக்கேஜுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட், தனக்குத் தேவையான பைனரியை (ஆயத்த இயங்கு கோப்பு) வேறொரு தளத்திலிருந்து தானே இறக்க முயன்று தோற்கிறது. என்பிஎம் கான்ஃபிக்கில் எழுதிய ப்ராக்ஸியை அது கண்டுகொள்ளாமல் போகலாம். சூழல் மாறிகளில் எழுதச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

‘--இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்’ குறியோடு நிறுவிப் பாருங்கள். நிறுவல் முடிந்தால், குற்றவாளி ஸ்கிரிப்ட்தான். எந்தப் பேக்கேஜ் என்பதைப் பிழையின் பாதையே சொல்லும்.

நோட்-சாஸ் என்றால் போராட வேண்டாம். அது சார்ந்திருந்த லிப்சாஸ் 2020ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது; அதன் இடத்தில் ‘சாஸ்’ பேக்கேஜை வையுங்கள், அதற்குப் பைனரி இறக்கமும் வேண்டாம், கம்பைலரும் வேண்டாம். அடுத்த மூன்றும் உலாவியைத் தானாக இயக்கும் கருவிகள். சைப்ரஸுக்கு, ஸிப் கோப்பை அனுமதி உள்ள கணினியில் இறக்கி, சைப்ரஸ்_இன்ஸ்டால்_பைனரி மாறியில் அதன் பாதையைக் கொடுக்கலாம். பப்பெட்டியருக்கு, பப்பெட்டியர்_ஸ்கிப்_டவுன்லோட் என்று நிறுத்திவிட்டு, ஏற்கெனவே நிறுவிய குரோமின் பாதையைக் காட்டுங்கள். பிளேரைட், சேனல் அமைப்பின் வழியாகக் கணினியில் உள்ள எட்ஜையே பயன்படுத்திக்கொள்ளும்.

பேக்கேஜை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும் நோட்-ஜிப் தோற்றால், நோட்ஜேஎஸ்.ஆர்க்கின் டிஸ்ட் கோப்புறையிலிருந்து ஹெடர் கோப்புகளை அது தேடுகிறது. அந்த முகவரியையும் பட்டியலில் சேர்த்துக் கேளுங்கள். கிட்ஹப் ரிலீஸ் கோப்புகளுக்கு கிட்ஹப்.காம் திறந்திருந்தாலும் போதாது. உண்மைக் கோப்பு கிட்ஹப்யூசர்கன்டென்ட்.காமின் கீழுள்ள வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடப்படுகிறது.

## அறிகுறி 6: கிட் சார்ந்த பேக்கேஜ் மட்டும் தொங்குகிறது

கிட்:// என்று தொடங்கும் முகவரி 9418ஆம் போர்ட்டில் பேசுவது. அலுவலகங்கள் அதைத் திறப்பதில்லை, கிட்ஹப்பும் 2022 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. லாக் கோப்பில் எஸ்எஸ்எச் முகவரி இருந்தால் 22ஆம் போர்ட். இரண்டுக்கும் ஒரே மருந்து: கிட் கான்ஃபிக்கில் ‘இன்ஸ்டெட்ஆஃப்’ விதி எழுதி, அந்த முகவரிகளை எச்டிடிபிஎஸ் கிட்ஹப் முகவரியாக மாற்றிவிடுவது. திட்டக் கோப்புகளைத் தொடவே வேண்டாம்.

எஸ்எஸ்எச்தான் வேண்டும் என்றால், எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம் 443ஆம் போர்ட்டிலும் பதில் தருகிறது. அந்தப் போர்ட்டில் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கம்) மட்டுமே போகலாம் என்று ஃபயர்வால் கறாராக இருந்தால் இதுவும் எடுபடாது, எச்டிடிபிஎஸ்ஸுக்கே திரும்புங்கள்.

## அறிகுறி 7: கணினியில் ஓடுகிறது, டாக்கருக்குள் ஓடவில்லை

டாக்கர், கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் நிரலை ஓட்டும் கருவி; அந்தப் பெட்டிக்கான அச்சுதான் இமேஜ். எங்கே தோற்கிறது என்பதைப் பிரிக்க வேண்டும். இமேஜை இழுக்கும்போதே தோற்றால், இழுப்பது நீங்கள் அல்ல, பின்னணியில் ஓடும் டாக்கர் டீமன். லினக்ஸில் சிஸ்டம்டியின் டாக்கர்.சர்வீஸ்.டி கோப்புறைக்குள் அதற்குத் தனி ப்ராக்ஸி அமைப்பு எழுதி, டீமனை மறுபடி தொடங்க வேண்டும். பில்டின் நடுவே தோற்றால், உங்கள் பயனர் கோப்புறையில் உள்ள டாக்கர் கான்ஃபிக்.ஜேசனின் ‘ப்ராக்ஸீஸ்’ பகுதியில் எழுதுங்கள். பில்டுக்கும் ஓடும் கன்டெய்னருக்கும் அது போய்ச் சேரும். டாக்கர்ஃபைலுக்குள் ப்ராக்ஸி கடவுச்சொல்லை எழுதினால் அது இமேஜோடு ஊர் சுற்றும்.

நீங்கள் பிஎக்ஸ் அல்லது சிஎன்டிஎல்எம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு பொறி உண்டு: கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னர்தான், உங்கள் கணினி அல்ல. டாக்கர் டெஸ்க்டாப்பில் ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல் என்ற பெயரைப் பயன்படுத்தி, துணை ப்ராக்ஸியின் கேட்வே அமைப்பையும் இயக்க வேண்டும்.

சான்றிதழை டெபியன் வகை இமேஜில் யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்டிஃபிகேட்ஸ் கோப்புறையில் வைத்து அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ் ஏவுங்கள். கோப்பு ‘.சிஆர்டி’ என்று முடியாவிட்டால் அந்தக் கட்டளை சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும். ஸ்லிம் இமேஜில் அந்தக் கட்டளை இல்லையென்றால், சிஏ-சர்டிஃபிகேட்ஸ் பேக்கேஜை முதலில் நிறுவ வேண்டும். இதன் பிறகும் நோட்டுக்குத் தனியே சூழல் மாறி வேண்டும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லுக்குள்ளும் இதே கதைதான்; விண்டோஸ் பெட்டகத்தில் இருப்பது அங்கே தெரியாது.

## அறிகுறி 8: சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஈகான்ரீசெட்

பொறுமையைச் சோதிப்பது இதுதான். என்பிஎம் ஒரே நேரத்தில் இயல்பாக 15 இணைப்புகள் வரை திறக்கிறது. சில ப்ராக்ஸிகள் அதைத் தாக்குதலாகக் கருதி அறுத்துவிடுகின்றன. ‘மேக்ஸ்சாக்கெட்ஸ்’ அமைப்பை 3 ஆக்கிப் பாருங்கள். மெதுவாக இறங்கும், ஆனால் இறங்கும். பெரிய கோப்பில் மட்டும் அறுந்தால், ஃபயர்வால் முழுக் கோப்பையும் வாங்கிச் சோதித்த பிறகே ஒரு பைட்டாவது விடுகிறது என்று கொள்ளலாம்; ‘ஃபெட்ச்-டைம்அவுட்’, ‘ஃபெட்ச்-ரீட்ரைஸ்’ இரண்டையும் உயர்த்துங்கள். காலை பத்து மணிக்குத் தோற்று மாலை ஏழு மணிக்கு ஓடினால் அமைப்பில் தவறில்லை, நெரிசல்.

இந்த நெரிசல் வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது பத்துப் பேருக்கு மேல் மேற்சொன்ன தலைப்புகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால், செலவான தீர்வுக்கு நேரம் வந்துவிட்டது: பேக்கேஜ்களின் நகலை வைத்திருந்து தரும் ஒரு மிரர் சேவையகம், உள்ளேயே. நெக்ஸஸ், ஆர்ட்டிஃபேக்டரி ஆகியவை பலவகைப் பேக்கேஜ்களைக் கையாளும். என்பிஎம் மட்டும் போதும் என்றால் திறமூல வெர்டாச்சியோ, இயல்பாக 4873ஆம் போர்ட்டில் ஓடும், ஒரு சிறு இயந்திரமே தாங்கும். வெளியே பேசுவது அந்த ஒரே இயந்திரம் என்பதால் அனுமதி, சான்றிதழ், சேவைக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் முடிகின்றன. இதை நீங்களே ஒரு மேசைக்கடியில் நிறுத்திவிடாமல், நெட்வொர்க் குழுவையும் பாதுகாப்புக் குழுவையும் சேர்த்து உட்கார வைத்துத் தொடங்குங்கள். வட்டு நிறைந்த அன்று யார் எழுந்து வருவார் என்பதும் அப்போதே முடிவாக வேண்டும்.

சேவையகம் வந்த பிறகு, ஒவ்வொருவர் கணினியிலும் ‘ரெஜிஸ்ட்ரி’ அமைப்பை அதற்கு மாற்றி, அதன் பெயரை நோ_ப்ராக்ஸியில் சேர்க்க வேண்டும். அதோடு, லாக் கோப்பின் ‘ரிசால்வ்டு’ வரிகளில் எந்த முகவரி எழுதப்படுகிறது என்பதையும் கவனியுங்கள்: உள் முகவரி அதில் ஏறிவிட்டால், அதே திட்டத்தை வெளியே இருக்கும் ஒருவர் நிறுவும்போது அவருக்கு முதல் அறிகுறியின் ஈநாட்ஃபவுண்ட் வரும்.